ஊறல் தொட்டி வீடு திரும்பிய வழி: வீட்டில் பீர் காய்ச்சுதலும் கைச்செய் கருவிகளின் வரலாறும்

வீட்டில் பீர் காய்ச்சும் வழக்கத்தின் நவீன வரலாறு பொதுவாக இரண்டு ஆண்டுகளைச் சுற்றியே எழுதப்படுகிறது: பிரிட்டனில் 1963, அமெரிக்காவில் 1978. முதலாவதில் உரிமக் கட்டாயம் நீங்கியது. இரண்டாவதில் தடை நீங்கியது. சட்டம் வழிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வழி திறந்த கையோடு பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தது தகர டப்பாவில் அடைத்த மால்ட் பாகுதான். பீரின் சுவையைத் தீர்மானிக்கும் முதல் வேலை அப்போதும் தொழிற்சாலையிலேயே நடந்துகொண்டிருந்தது. வாளியில் துளையிட்டவர்களும், குடிநீர் ஜாடிக்குள் செப்புக்குழாய் பொருத்தியவர்களும்தான் அந்த வேலையை வீட்டுக்கு மீட்டுக்கொண்டு வந்தார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆகவே சட்டங்களைவிட, காய்ச்சுகிறவர்கள் தாமே செய்துகொண்ட பாத்திரங்களையே இது நெருங்கிப் பார்க்கிறது.

எந்த வேலையைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடலாம். முளைகட்டி உலர்த்திய பார்லியே மால்ட். அதை நொறுக்கி, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்தால், தானியத்துக்குள் இருக்கும் நொதிகளே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். சூடு 62 டிகிரியை ஒட்டி இருந்தால் சாற்றில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் நொதித்துப்போய், பீர் இனிப்பின்றி மெலிதாக வரும். 70ஐ நெருங்கினால் நொதிக்காத சர்க்கரை தங்கி, பீர் கனத்துப்போகும். ஊறலிலிருந்து வடித்த சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்ப்பது பிறகு வரும் வேலை. காய்ச்சுகிறவரின் கைப்பக்குவம் வெளிப்படும் முதல் இடம் ஊறல் தொட்டிதான்.

பிர்ச் குச்சிகளும் பீப்பாய் மூடியும்

ஐரோப்பாவின் வட பகுதிகளில் இது வெகுகாலம் பெண்களின் வீட்டு வேலையாக இருந்தது. 1577இல் இங்கிலாந்தைப் பற்றிய விவரண நூலை வெளியிட்ட வில்லியம் ஹாரிசன், எசெக்ஸ் மாவட்டத்து ராட்விண்டர் ஊரின் பாதிரியார். தம் மனைவியும் பணிப்பெண்களும் மாதம் ஒருமுறை 200 காலன் அளவில் பீர் காய்ச்சியதை அதில் செலவுக் கணக்கோடு பதிவு செய்திருக்கிறார். விற்பனைக்காகக் காய்ச்சிய பெண்கள் 1300க்கும் 1600க்கும் இடையில் அத்தொழிலிலிருந்து எவ்வாறு ஓரங்கட்டப்பட்டார்கள் என்பதை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் 1996இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஹாப்ஸ் சேர்த்த பீர் நீண்டநாள் கெடாமல் இருந்தது. பெருமளவில் காய்ச்சித் தொலைவுக்கு அனுப்ப முடிந்தது. அதற்குப் பெரிய முதலும் கடன் வசதியும் தேவைப்பட்டன. இரண்டும் பெண்களின் கைக்கு எட்டுவது அரிதாக இருந்தது.

வீட்டுக் கருவிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நுணுக்கமான விவரிப்புகளில் ஒன்று வில்லியம் கோபெட் 1821–22இல் எழுதிய ‘காட்டேஜ் எகானமி’. 40 காலன் கொள்ளும் செப்புக் கொப்பரை, 60 காலன் ஊறல் தொட்டி, வடியும் சாற்றை ஏந்தும் ஆழமற்ற தொட்டி, நொதிக்கவைக்கும் தொட்டி எனக் குடிசைவாசிக்குத் தேவையானவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சாற்றை ஆற்றும் தொட்டிகளைப் புதிதாக வாங்கவேண்டியதில்லை, பழைய ஒயின் பீப்பாயின் தலைப்பகுதியே போதும் என்கிறார். ஊறல் தொட்டியின் அடித்துளையை மெல்லிய பிர்ச் குச்சிக் கட்டால் மூடச் சொல்கிறார். சாறு இறங்கும், தானியச் சக்கை மேலேயே தங்கும். தெர்மாமீட்டர் இல்லாத நாட்டுப்புற வீடுகளில் நீரின் பக்குவத்தை அறிய ஒரு வழி இருந்தது. கொதித்த நீரின் ஆவி அடங்கி, குனிந்து பார்ப்பவரின் முகம் அதில் தெளிவாகத் தெரியும்போது மால்ட்டைக் கொட்டுவார்கள். 

கோபெட் எழுதிய காலத்தில் இந்த அறிவு மறைந்துகொண்டிருந்தது. தம் ஊரில் 40 ஆண்டுகளுக்கு முன் சொந்தமாகப் பீர் காய்ச்சாத கூலித் தொழிலாளியே இல்லை, இப்போதோ காய்ச்சுகிறவரே இல்லை என்று சசெக்ஸ் மாவட்டத்துப் பெரு விவசாயி ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் அளித்த சாட்சியத்தை அவர் வேதனையோடு எடுத்துக்காட்டுகிறார். காரணங்கள் பல. 1697 முதல் மால்ட்டின் மீது வரி இருந்தது. பொது நிலங்களுக்கு வேலி போடப்பட்ட பின் ஏழைகளுக்கு விறகு அரிதாயிற்று. தேநீர் மலிவாகப் பரவியது. சொந்தக் காய்ச்சலறை வைத்திருந்த மாளிகைகள் 1830 வரை நீடித்த பீர் வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தன; மதுக்கடையில் வாங்கிக் குடித்த கூலித் தொழிலாளி அந்த வரியையும் சேர்த்தே கொடுத்தான். இந்த அநீதியை வெறும் நிதி நிர்வாகக் குறிப்பாகக் கடந்துபோவது சரியல்ல. ஒரு கைத்தொழிலை வீட்டிலிருந்து பிடுங்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

அதே காலத்தில் ஆலைகள் வேறு திசையில் வளர்ந்தன. மைக்கேல் கோம்ப்ரூன் 1750களின் இறுதியிலேயே தெர்மாமீட்டரைக் கொண்டு ஊறலை ஆராய்ந்து எழுதினார். ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் சாற்றின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியைப் பற்றிய நூலை வெளியிட்டார். அளவைக் கருவிகள் ஆலைக்குள் நுழைந்தபோது வீட்டுக் காய்ச்சல் முகம்பார்க்கும் கட்டத்திலேயே நின்றுவிட்டது. 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிப் பீரின் மீது வரி விதித்தார். அத்துடன் வீட்டில் காய்ச்சுகிறவரும் உரிமம் பெறவேண்டும் என்றாயிற்று.

டப்பாவில் வந்த பாகு

அமெரிக்காவில் 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபின், பட்டினி கிடந்த பீர் ஆலைகள் பல மால்ட் பாகு விற்கத் தொடங்கின. அன்ஹாய்சர்-புஷ், பாப்ஸ்ட் போன்ற பெரிய நிறுவனங்களும் இதில் இருந்தன. ரொட்டிக்கும் பலகாரத்துக்கும் என்று சொல்லி விற்கப்பட்டாலும், ஹாப்ஸ் கலந்த பாகை யார் எதற்காக வாங்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாகு, சர்க்கரை, ரொட்டி ஈஸ்ட் மூன்றையும் ஒரு பீங்கான் ஜாடியில் கலந்து, நொதித்தல் அடங்கும் முன்பே புட்டியில் அடைத்து, கைப்பிடி இயந்திரத்தால் மூடி போட்டார்கள். புட்டிகள் வெடித்தன, பீர் புளித்தது. ‘வீட்டு பீர்’ என்றாலே மட்டமானது என்ற பெயர் அரை நூற்றாண்டுக்கு நிலைத்தது. 1933இல் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்வதற்கு அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் 1963 ஏப்ரல் வரவுசெலவுத் திட்டத்தில் உரிமத்தை ஒழித்தார். விரைவிலேயே பூட்ஸ் மருந்துக்கடைகளின் அலமாரிகளில் பீர்ப் பொதிகள் வந்து அமர்ந்தன. டப்பாவைத் திறந்து, வெந்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவினால் வேலை முடிந்தது. இதை இழிவாகச் சொல்வதற்கில்லை. சுத்தம், பொறுமை, நொதித்தலின் போக்கு ஆகியவற்றைப் பல்லாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தது இந்த டப்பாதான். ஆனால் ஊறல் நடந்தது வேறெங்கோ. எந்தச் சூட்டில், எந்த மால்ட்டில் என்று வாங்குபவருக்குத் தெரியாது.

வாளி, ஜாடி, செப்புச் சுருள்

மாற்றம் 1970களில் வருகிறது. சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டேவ் லைன் 1974இல் வெளியிட்ட ‘தி பிக் புக் ஆஃப் புரூயிங்’, முழுத் தானியத்திலிருந்து காய்ச்சுவதைச் சாதாரண வீட்டு வேலையாக எழுதிக் காட்டியது. பிரிட்டிஷ் வீடுகளில் 240 வோல்ட் மின்சாரம். கெட்டிலில் இருக்கும் சூடேற்றும் கம்பியைக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக் வாளியின் பக்கவாட்டில் துளையிட்டு, ரப்பர் வளையம் வைத்து இறுக்கினால் கொதிகலன் தயார்.

அமெரிக்கர்கள் இதை அப்படியே பின்பற்றவில்லை. காரணம் ரசனை அன்று, மின்சாரம். 25 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 8,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 3 கிலோவாட் கம்பி அதை முக்கால் மணி நேரத்தில் முடிக்கும். 120 வோல்ட் சுவர்ச் செருகியில் கிடைக்கும் 1.5 கிலோவாட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். திறந்த பாத்திரத்தில் வெப்ப இழப்பு வேறு. எனவே வான்கோழி பொரிக்கவும் இறால் அவிக்கவும் விற்கப்பட்ட புரொப்பேன் அடுப்புகளைத் தோட்டத்தில் வைத்துக் காய்ச்சினார்கள். சமையலறையிலிருந்த வேலை இப்படித்தான் கார் நிறுத்தும் கொட்டகைக்கு இடம் மாறியது. துளைக்கருவியும் வெல்டிங்கும் அருகிலேயே இருந்தன; காய்ச்சுகிறவர்களோ பெரும்பாலும் ஆண்கள். ராட்விண்டர் பாதிரியார் வீட்டுப் பெண்களின் வேலை எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பதை இந்த மறுமலர்ச்சியைக் கொண்டாடும் நூல்கள் போதுமான அளவு பேசவில்லை.

ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்ட சட்டம், செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முன்வைத்த திருத்தத்தின் வழியே, வீட்டு பீருக்குக் கூட்டரசு அளவில் அனுமதி தந்தது. வயதுவந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 காலன். இருவர் அல்லது அதற்கு மேல் இருக்கும் வீட்டுக்கு 200 காலன். வடித்தெடுக்கும் மதுவுக்கு அனுமதி இல்லை. மாநிலங்கள் தத்தம் சட்டத்தை மெதுவாகவே மாற்றின. மிசிசிப்பியும் அலபாமாவும் இணங்கியது 2013இல். அதே 1978 டிசம்பரில் கொலராடோவின் போல்டர் நகரில், பள்ளி ஆசிரியர் சார்லி பபாசியனும் நண்பர் சார்லி மாட்ஸனும் அமெரிக்க வீட்டுக் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘சைமர்ஜி’ அதன் இதழ்.

பபாசியன் 1984இல் வெளியிட்ட நூலில் ‘ஸாபாப்’ என்ற வடிதொட்டிக்குச் செய்முறை உண்டு. ஒரே அளவிலான இரண்டு பிளாஸ்டிக் வாளிகள். உள்வாளியின் அடியில் நூற்றுக்கணக்கான சிறு துளைகள். வெளிவாளியின் அடிப்பக்கத்தில் ஒரு குழாய். ஒன்றுக்குள் ஒன்றை இறக்கினால், கோபெட்டின் பிர்ச் குச்சிகள் செய்த வேலையை இந்தத் துளைகள் செய்கின்றன. இதன் குறை, சூடு விரைவில் இறங்கிவிடுவது. அடுத்து வந்தவர்கள் இக்லூ போன்ற நிறுவனங்கள் கட்டடத் தொழிலாளர்களுக்காக விற்ற, குடிநீரைக் குளிர்ச்சியாக வைக்கும் வட்ட ஜாடியை எடுத்துக்கொண்டார்கள். குளிரைக் காக்கும் சுவர் சூட்டையும் காக்கும். 74 டிகிரி நீரை ஊற்றி மால்ட்டைக் கிளறினால் சூடு 67க்கு வந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிதான் குறையும். அடியில் கீறலிட்ட செப்புக்குழாய் வலை வடிகட்டியாயிற்று.

கொதித்த சாற்றை வேகமாக ஆற்றவும் வழி வேண்டியிருந்தது. வெதுவெதுப்பாகக் கிடக்கும் இனிப்புச் சாற்றில் ஈஸ்ட்டுக்கு முன்பே பாக்டீரியா குடியேறிவிடும். குளிர்சாதனப் பணியாளர்கள் பயன்படுத்தும் மென்செப்புக் குழாயைச் சுமார் 8 மீட்டர் வாங்கி, ஒரு பானையைச் சுற்றி வளைத்துச் சுருளாக்கி, அதைச் சாற்றில் மூழ்கவைத்து உள்ளே குழாய்நீரை ஓடவிட்டார்கள்.

பிற தொழில்கள் கழித்தவை

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. எதுவும் பீருக்காகச் செய்யப்பட்டதல்ல. கோகோ கோலாவும் பெப்சியும் 19 லிட்டர் எஃகுக் கலன்களில் பானத்தை அனுப்பிவந்தன. பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் பாகு அனுப்பும் முறைக்கு அவை மாறியதும், கலன்கள் பழைய சாமான் சந்தைக்கு மலிவாக வந்துசேர்ந்தன. வீட்டுக் காய்ச்சுகிறவர்கள் புட்டி கழுவும் வேலையிலிருந்து தப்பித்தது அப்படித்தான். ஆலைகளின் 58 லிட்டர் பீர்க் கலன்களின் தலையை அறுத்துக் கொப்பரையாக்கியதும் உண்டு. முன்பணம் கட்டிப் பெற்ற கலன் ஆலையின் சொத்துதான், வாங்கியவருடையது அல்ல. ஆகவே அவற்றில் பலவும் முறையாக வந்தவை அல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இந்த மீள்பயன்பாட்டின் உச்சம் ஜாக் மெக்காலிஃப். அமெரிக்கக் கடற்படையின் தொழில்நுட்பப் பணியாளராக ஸ்காட்லாந்தின் ஹோலி லாக் நீர்மூழ்கித் தளத்தில் இருந்தபோது, பூட்ஸ் கடைப் பொதியில்தான் அவர் காய்ச்சக் கற்றார். 1976இல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கினார். அவ்வளவு சிறிய ஆலைக்குத் தேவையான கருவிகளை அமெரிக்காவில் யாரும் செய்யவில்லை. பால் பண்ணைகளின் பழைய எஃகுப் பாத்திரங்களையும், கோகோ கோலா பாகு வந்த 55 காலன் உருளைகளையும் சேர்த்துத் தாமே வெல்டிங் செய்தார். நீர் மேல்தளத்திலிருந்து இறங்கிவரும்படி ஆலையை அமைத்தார். 1982இல் அது மூடப்பட்டது. ஆனால் சீகோ நகரில் வீட்டுக் காய்ச்சல் சாமான் கடை நடத்திய கென் கிராஸ்மன் அதை நேரில் பார்த்திருந்தார். பால் பண்ணைத் தொட்டிகளைக் கொண்டு பால் காமுசியுடன் சேர்ந்து அவர் கட்டிய சியரா நெவாடா ஆலை 1980 நவம்பரில் முதல் காய்ச்சலை எடுத்தது. அமெரிக்கச் சிற்றாலை இயக்கத்தை ஹாப்ஸின் கதையாகச் சொல்வது வழக்கம். வெல்டிங்கின் கதையாகச் சொன்னால் உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.

1988இல் ரோட்னி மோரிஸ் ‘சைமர்ஜி’ இதழில் ஓர் அமைப்பை விவரித்தார்: ஊறலிலிருந்து சாற்றைப் பம்ப் இழுக்க, குழாய்க்குள் இருக்கும் மின்கம்பி அதைச் சூடேற்ற, மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி சூட்டை நிலைநிறுத்த, சாறு மீண்டும் தானியத்தின் மேலேயே சொரியும். 2000களில் ஆஸ்திரேலியர்கள் எதிர்த்திசையில் சென்றார்கள். ஒரே கொப்பரை, அதற்குள் ஒரு துணிப்பை. ஊறியதும் பையைத் தூக்கி வடியவிட்டு, அதே கொப்பரையில் கொதிக்கவைத்தார்கள். இந்த இரண்டு எண்ணங்களும் இணைந்த வடிவம்தான் ஜெர்மனியின் ஸ்பைடல் நிறுவனத்து பிராவ்மைஸ்டர், நியூசிலாந்தின் கிரெய்ன்ஃபாதர் போன்ற இன்றைய மின்சாரக் காய்ச்சல் கலங்கள்.

கைச்செய் கருவி கடைச்சரக்காகிவிட்டதே என்று பழைய காய்ச்சல்காரர்கள் வருந்துவது உண்டு. அந்த வருத்தம் எனக்கு முழுக்க ஏற்புடையதாக இல்லை. டப்பாப் பாகு ஊறலை மறைத்தது. இக்கலங்கள் அதைக் கண்முன் வைக்கின்றன, சூட்டை முடிவுசெய்யும் பொறுப்பையும் வீட்டுக்காரரிடமே விடுகின்றன. மேலும், நொதித்தலின் வெப்பத்தைக் காப்பதில் கைவேலை இன்னும் ஓயவில்லை. லாகர் வகைக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர் வாரக்கணக்கில் வேண்டும். அதற்காகப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, அதன் மின்கம்பியைத் தனித் தெர்மோஸ்டாட்டில் செருகி, உணர்வுமுனையை நொதிகலத்தின் பக்கவாட்டில் டேப்பால் ஒட்டிவைப்பதே இன்றும் பரவலான முறை.