ஒரே கூரை, இரண்டு நினைவுகள்

நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கால்பந்து ரசிகர்கள் 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இரவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பெரும்பாலும் ஒரு சத்தத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 70,003 பேர் ஒரே கூரையின் கீழே எழுப்பிய சத்தம் அது. ஆட்டம் தொடங்கி அப்போது ஒன்றரை நிமிடமே ஆகியிருந்தது. அருகில் நின்ற முன்பின் அறியாதவரைக் கட்டிக்கொண்டு அழுததையும், தொண்டை கட்டிப்போகும்வரை கத்தியதையும் அவர்கள் நினைவுகூர்கிறார்கள். 23க்கு 3 என்ற இறுதிக் கணக்கு அவர்களுக்கு இரண்டாம் பட்சம்தான். இத்தனைக்கும் அது பருவத்தின் மூன்றாவது வாரத்தில் நடந்த ஓர் ஆட்டம். வென்றவருக்குக் கோப்பை ஏதும் இல்லை. அப்படிப்பட்ட ஆட்டம் ஒரு நகரத்தின் வரலாற்றில் ஏன் இடம்பிடித்தது? விடை, ஆட்டத்தைக் காட்டிலும் அது நடந்த கட்டடத்தில் இருக்கிறது.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி லூசியானாவில் கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்ததில் காற்றைவிடப் பெரும்பங்கு, வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே எழுப்பப்பட்ட சுவர்களுக்கு உண்டு. கால்வாய்களை ஒட்டியிருந்த தடுப்புச் சுவர்கள் பல இடங்களில் உடைந்தன. நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீருக்குள் போயிற்று. வடிவமைப்பிலேயே பிழை இருந்தது என்பதை அவற்றுக்குப் பொறுப்பான அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை 2006 ஜூனில் ஒப்புக்கொண்டது. ஆகவே அந்தப் பேரழிவை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது.

நகரத்தை விட்டு வெளியேற வாகனமோ பணமோ இல்லாதவர்களுக்குக் கடைசிப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது சூப்பர்டோம். 1975இல் திறக்கப்பட்ட, குவிந்த கூரை கொண்ட பிரம்மாண்டமான விளையாட்டரங்கம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். கூரையின் மேலுறையைக் காற்று பிய்த்தெறிந்தது. மின்சாரம் போயிற்று, கழிப்பறைகள் செயலிழந்தன. அந்த இருளிலும் புழுக்கத்திலும் துர்நாற்றத்திலும் கைக்குழந்தைகளோடும் நோயாளிகளோடும் அவர்கள் நாள்கணக்கில் பேருந்துகளுக்காகக் காத்திருந்தனர்.

அதைவிடக் கொடியது, அவர்களைப் பற்றி வெளியே பரவிய கதை. அரங்கத்துக்குள் கொலைகளும் வன்புணர்வுகளும் மலிந்துவிட்டன என்று உலகெங்கும் செய்தி பரவியது. நகரத்தின் பொறுப்பில் இருந்தவர்களே அதைத் தொலைக்காட்சியில் வழிமொழிந்தனர். அவற்றில் பெரும்பகுதி வதந்தி என்பதை 2005 செப்டம்பர் இறுதியில் உள்ளூர் நாளிதழான டைம்ஸ்-பிக்கயூன் விசாரித்து எழுதியது. அரங்கத்தோடு தொடர்புடைய இறப்புகள் ஆறு. அவற்றுள் ஒன்றுகூடக் கொலையன்று. ஆனால் பழி பரவிய வேகத்தில் திருத்தம் பரவுவதில்லை. ‘சூப்பர்டோம்’ என்ற சொல் அவமானத்தின் மறுபெயராகிவிட்டது.

அந்த அரங்கத்தின் அணிக்குச் செயின்ட்ஸ், அதாவது ‘புனிதர்கள்’ என்று பெயர். 1966இல் புனிதர் அனைவரின் திருநாளான நவம்பர் 1 அன்று நகரத்துக்கு இந்த அணி அறிவிக்கப்பட்டது. பெயர் புனிதமே தவிர, ஆட்டம் பரிதாபம். 1980இல் பதினாறு ஆட்டங்களில் பதினைந்தில் தோற்றார்கள். ரசிகர்கள் வெட்கத்தில் தலையில் காகிதப் பைகளைக் கவிழ்த்துக்கொண்டு அரங்கத்தில் அமர்ந்திருந்தார்கள். ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை.

2005 பருவத்தில் அணியும் வீடிழந்தது. டெக்சாஸின் சான் அன்டோனியோவிலும் லூசியானாவின் பேட்டன் ரூஜிலும் தன் ‘சொந்த மண்’ ஆட்டங்களை ஆடியது. ஓர் ஆட்டத்தை எதிரணியின் அரங்கத்திலேயே சொந்த ஆட்டம் என்ற கணக்கில் ஆட நேர்ந்தது. மூன்று வெற்றி, பதின்மூன்று தோல்வி. அணி சான் அன்டோனியோவுக்கே நிரந்தரமாகப் போய்விடும் என்ற பேச்சு வலுத்தது. வீட்டைப் பறிகொடுத்து, வேற்றூரில் தங்கியிருந்த ரசிகருக்கு அந்தப் பேச்சு எப்படி ஒலித்திருக்கும்! திரும்பிப் போவதற்கு ஊர் என்று ஒன்று மிஞ்சுமா என்ற கேள்வியாகவே அது ஒலித்திருக்க வேண்டும்.

சூப்பர்டோமைச் சீரமைக்க முடிவாயிற்று. செலவு ஏறத்தாழ 18.5 கோடி டாலர். அதில் பெரும்பகுதி அரசுப் பணம். இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. தெருத் தெருவாக வீடுகள் பாழடைந்து கிடக்கின்றன. மீட்புக் குழுவினர் கதவுகளில் வரைந்துவிட்டுப் போன பெருக்கல் குறிகள்கூட அழியவில்லை. மக்கள் தற்காலிக வண்டி வீடுகளில் குடியிருக்கிறார்கள். இந்த நிலையில் முதலில் எழவேண்டியது விளையாட்டரங்கமா? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நகரத்தின் பகைவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், அந்தப் பருவத்துக்கான இருக்கைச் சீட்டுகள் அணியின் வரலாற்றிலேயே முதன்முறையாக முழுவதும் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்தன என்பதும் உண்மை. பாதி காலியாகக் கிடந்த ஒரு நகரம் அதைச் செய்தது.

அந்தத் திங்கட்கிழமை இரவு எதிரே நின்றது நெடுநாள் போட்டியாளரான அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி. நம் வழக்கில் கால்பந்து வேறு. அமெரிக்கர் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்குப் பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணியின் எல்லைக்குள் தொலைவாக உதைத்து அனுப்பிவிடுவார்கள். உதைப்பவர் பின்னே தள்ளி நிற்பார். அவரை நெருங்கிப் பந்தைத் தடுப்பது அரிது.

அட்லாண்டாவின் முதல் மூன்று முயற்சிகளும் பலிக்கவில்லை. உதைக்கத் தயாரானார்கள். செயின்ட்ஸ் அணியின் ஸ்டீவ் க்ளீசன் நடுவில் கிடைத்த இடைவெளியில் புகுந்து, இரு கைகளையும் நீட்டிப் பாய்ந்தார். உதைபட்ட பந்து கைகளில் மோதித் திரும்பியது. கர்ட்டிஸ் டிலோச் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதன்மீது விழுந்து அணைத்துக்கொண்டார். செயின்ட்ஸுக்கு முதல் புள்ளிகள் கிடைத்தன. சில நொடிகளே நீடித்த அந்தத் தடுப்புக்குத்தான் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சத்தம் எழுந்தது. க்ளீசன் நட்சத்திர வீரர் அல்லர். உடலளவில் சிறியவர், ஆண்டுத் தேர்வில் எந்த அணியாலும் எடுக்கப்படாதவர். நகரம் தன்னை அவரிடம் கண்டதில் வியப்பில்லை.

நியூ ஆர்லியன்ஸில் இறுதி ஊர்வலங்களுக்கென்று ஒரு மரபு உண்டு. இடுகாட்டுக்குப் போகும்போது வாத்தியக் குழு மெல்ல நடந்து சோக இசை வாசிக்கும். உடலை ஒப்படைத்துத் திரும்பும்போது அதே குழு துள்ளலிசைக்கு மாறும். பின்னால் வருபவர்கள் குடையும் கைக்குட்டையும் சுழற்றி ஆடுவார்கள். இறந்தவரை மறந்துவிட்டதால் ஆடுவதில்லை. உரிய முறையில் அழுது முடித்ததால் ஆடுகிறார்கள். நம் புறத்துறைகளில் கையறுநிலை உண்டு. அது இழந்தவனின் முன் செயலற்று நிற்கும் நிலையோடு முடிந்துவிடுகிறது. இந்த நகரத்தின் மரபு, அழுதவர்கள் வீடு திரும்பும் வழிக்கும் ஒரு பாட்டை வைத்திருக்கிறது. 2006இன் அந்த இரவை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஓராண்டுக்கு முன்னர் எந்தக் கூரையின் கீழ் மனிதர்கள் கைவிடப்பட்டார்களோ, அதே கூரையின் கீழ் நகரம் மீண்டும் கூடி, அந்த இடத்தைத் தன்னுடையதென்று சொல்லிக்கொண்டது.

ஆனால் யார் கூடினார்கள் என்றும் கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 4,84,674, 2010இல் 3,43,829. வெள்ளத்தில் பெரிதும் அழிந்த, கறுப்பின மக்கள் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வட்டாரத்தினரில் பலர் திரும்பவே இல்லை. ஏழைகளின் மருத்துவமனையாக விளங்கிய சேரிட்டி மருத்துவமனை மீண்டும் திறக்கப்படவில்லை. நான்கு பெரிய பொதுக் குடியிருப்புகளை இடிக்க நகரமன்றம் 2007 டிசம்பரில் ஒருமனதாக வாக்களித்தது. 2005இல் அரங்கத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களில் எத்தனை பேருக்கு 2006இல் அங்கே ஓர் இருக்கை இருந்திருக்கும்? ஒரு வெற்றி நகரத்தை எழுப்பியது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எழுந்தவர்களின் நினைவைச் சொல்கிறார்கள். திரும்பாதவர்களின் நினைவு ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் சிதறிக் கிடக்கிறது.

2010 பிப்ரவரியில் செயின்ட்ஸ் நாட்டின் வாகையர் பட்டத்தையே வென்றது. க்ளீசன் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். 2011 ஜனவரியில், தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் அவருக்கு இருப்பது தெரியவந்தது. கைகளை நீட்டிப் பாய்ந்தவர் பின்னாளில் விழிகளின் அசைவால் கணினி வழியே பேசினார். தம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கருவி கிடைக்க 2015இல் இயற்றப்பட்ட சட்டம் அவர் பெயரைத் தாங்கியது. பந்தைத் தடுக்கும் அவரது தோற்றம் 2012இல் சூப்பர்டோமுக்கு வெளியே வெண்கலச் சிலையாக நின்றது. அதன் பெயர் ‘மறுபிறப்பு’.

அதே நகரத்தில் கனால் தெருவின் பழைய இடுகாடு ஒன்றில், 2008 ஆகஸ்ட் 29 அன்று அர்ப்பணிக்கப்பட்ட இன்னொரு நினைவிடம் இருக்கிறது. கத்ரீனாவில் இறந்து, உரிமை கோர எவரும் வராத உடல்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளன. ஊர்வலத்தின் போகும் வழியும் திரும்பும் வழியும் போல, இந்த இரண்டு இடங்களும் ஒரே வரலாற்றின் பகுதிகள். சிலையைப் பார்க்கப் போகிறவர்கள் இடுகாட்டுக்கும் ஒருமுறை போய்வரலாம். அப்போதுதான் 70,003 பேரின் சத்தம் எந்த மௌனத்தின்மேல் எழுந்தது என்பது கேட்கும்.