உர்பினோ அரண்மனையும் எழுத்துமொழி விவாதமும்

இத்தாலியின் மார்க்கே பகுதியில் குன்றின்மேல் அமைந்த சிறு நகரம் உர்பினோ. அங்கு மோன்தெஃபெல்த்ரோ குடும்பத்தினர் எழுப்பிய அரண்மனை கட்டடக்கலை வரலாற்றில் பெரிதும் பேசப்படுகிறது. இத்தாலிய எழுத்துமொழியின் வரலாற்றிலும் அதற்குரிய இடம் உண்டு.

ஊதியம் பெற்றுப் போர்புரிந்த படைத்தலைவர் ஃபெதெரிகோ (1422-1482), 1468இல் கட்டுமானப் பொறுப்பை லூச்சியானோ லௌரானாவிடம் அளித்தார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளின் கையெழுத்துப் படிகளைத் திரட்டி அரண்மனையில் நூலகமும் அமைத்தார்.

அவருடைய மகன் குயிதோபால்தோ காலத்தில், 1504 முதல் அங்குப் பணிபுரிந்தவர் பல்தசாரே காஸ்திலியோனே. 1507 மார்ச்சில் அவ்வரண்மனையில் நான்கு இரவுகள் நிகழ்ந்ததாக அவர் அமைத்த உரையாடலே 'அரசவையாளர்' என்னும் பொருள்படும் 'கோர்தெஜானோ'. எழுத்துமொழிக்கு அளவுகோல் எது என்ற வினா முதல் இரவிலேயே எழுகிறது. பழைய தஸ்கானிய ஆசிரியர்களின் வழக்கே அளவுகோல் என்கிறார் ஃபெதெரிகோ ஃப்ரெகோசோ. வழக்கிறந்த சொற்களைப் புகுத்துவது செயற்கை என்றும், இத்தாலியெங்கும் கற்றோரிடம் வழங்கும் சொற்களைக் கொள்ளலாம் என்றும் லுதோவிகோ தா கனோசா மறுக்கிறார். நூலாசிரியரின் கருத்தும் இதுவே. ஆயினும் அதே உரையாடலில் இடம்பெறும் பியேத்ரோ பெம்போ, 1525இல் வெளியிட்ட தம் நூலில் பழந்தஸ்கானிய வழக்கை வலியுறுத்தினார், அக்கொள்கையே நிலைபெற்றது.

'கோர்தெஜானோ' 1528இல் வெனிசில் அச்சேறியபோது அதன் ஆசிரியர் ஸ்பெயினில் இருந்தார். அச்சுக்குமுன் வலியேர் என்பவர் கையெழுத்துப் படியின் மொழிவடிவங்களைத் தஸ்கானிய வழக்கை ஒட்டித் திருத்தியதைக் கினோ கினாசி 1963இல் எடுத்துக்காட்டினார். அவ்வழக்கைக் கட்டாயமாக்குவதை எதிர்த்த நூலே அவ்வழக்கிற்கேற்பத் திருத்தப்பட்டு வெளிவந்தது என்பது கருதத்தக்கது.

மொழிபெயர்ப்புகள் அச்சு நூலுக்குப்பின் தோன்றியவை. முயற்சி வெளித்தோன்றாமல் இயல்பாகச் செய்யும் திறனை நூலாசிரியர் 'ஸ்ப்ரெட்சாதூரா' என்றார். 'பொருட்படுத்தாமை' என்னும் அடிப்படைப் பொருளுடைய இச்சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் போஸ்கான் (1534) இகழ்ச்சி, கவனமின்மை எனப் பொருள்படும் இரு சொற்களைக் கையாண்டார். ஆங்கிலத்தில் ஹோபி (1561) பொறுப்பின்மையைக் குறிக்கும் சொல்லை அமைத்தார். குர்னித்ஸ்கி (1566) உரையாடற் களத்தையே போலந்துக்கு மாற்றி, ஸ்லாவிய மொழிகளைப் பற்றிய பேச்சை உள்ளே அமைத்தார்.

1631இல் உர்பினோ போப்பின் ஆட்சிக்குட்பட்டது. 1657இல் நூலகம் வத்திக்கானுக்குச் சென்றது. 1912 முதல் அரண்மனை தேசிய ஓவியக்கூடமாக உள்ளது. அங்கு நிகழ்ந்ததாகக் காட்டப்படும் விவாதத்தை அறிய அச்சு நூல் போதும். ஆயின் காஸ்திலியோனே எழுதிய மொழியை அறியக் கையெழுத்துப் படியுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது. அச்சு நூலின் மொழியில் திருத்தியவரின் மொழியும் கலந்துள்ளது.