முற்றத்துக்கு எந்தப் புல்? வரட்சியைத் தாங்கும் புற்றரை அமைக்கும் வழி

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டப்பட்ட பல வீடுகளைச் சுற்றி இன்னும் வெறும் கிரவல் மண்தான் கிடக்கிறது. பழைய வளவுகளின் வேம்பும் மாவும் போரோடு போய்விட்டன. சோளகக் காற்றில் புழுதி விறாந்தை வரை வருகிறது. மாரியில் அதே மண் அத்திவாரத்தை விட்டுக் கரைந்து ஓடுகிறது. காணிப் பிரச்சினைகள் பற்றி எழுத வன்னிக்குப் போகும் இடங்களில், இதற்கு எந்தப் புல் நல்லது என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

முதலில் மண்

கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணியில் மண்வெட்டி போடவே கூடாது. அகற்றப்பட்ட காணியிலும் பற்றையைக் கொளுத்தித் துப்புரவு செய்ய வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். கொத்தும்போது சந்தேகமான இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டு விலகி, கிராம அலுவலருக்கோ 119 ஊடாகப் பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

எந்தப் புல்?

அறுகம்புல்: வெயில் விழும் முற்றத்துக்கு என் முதல் தெரிவு இதுதான். நிலத்துக்கு மேலே கொடியாகவும் கீழே கிழங்குத் தண்டாகவும் பரவுவதால் மண்ணை இறுகப் பிடிக்கும். ஓரளவு உவரையும் தாங்கும். காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. வயல் வரம்பிலேயே கிடைக்கும். ஆனால் நிழலில் நிற்காது. மரக்கறிப் பாத்திக்குள்ளும் புகுந்துவிடும் என்பதால் இடையில் அரை அடி ஆழத்துக்குக் கல் பதியுங்கள்.

சொய்சியா: ஊசி போன்ற இலை, கம்பளம் போன்ற அடர்த்தி. உவரையும் சிறிது நிழலையும் தாங்கும். மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலை குறைவு. அதே காரணத்தால் முற்றத்தை மூட நீண்ட காலம் எடுக்கும்.

மலேசியன் புல்: அகன்ற இலை கொண்டது, மர நிழலுக்கு ஏற்றது. ஈரம் வேண்டும். கோடையில் கிணறு வற்றும் இடங்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

வெளியிலிருந்து புல்லோ மண்ணோ ஏற்றினால் பார்த்தீனியம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும் இந்தக் களை, ஒருமுறை புகுந்தால் இலகுவில் போகாது.

நடும் முறை

ஐப்பசியில் மாரி தொடங்கியதும் நடுவது நல்லது. வெள்ளம் நிற்காதபடி, வீட்டிலிருந்து வெளிப்புறமாகச் சற்றுச் சரிவாக நிலத்தை மட்டப்படுத்துங்கள். கோரையைக் கிழங்கோடு பிடுங்கி, உக்கிய மாட்டெருவைப் பரப்பிக் கொத்துங்கள். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுகளை ஒரு சாண் இடைவெளியில், நுனி மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து மிதித்து விடுங்கள்.

மழை இல்லாத நாட்களில் முதல் இரண்டு கிழமை மண் காயக்கூடாது. 100 சதுர மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் ஈரம் கொடுப்பதென்றால் 500 லீற்றர் தண்ணீர். ஒரே தடவையில் முழு வளவுக்கும் நடாமல், அத்திவாரத்தை ஒட்டிய பகுதியில் தொடங்கச் சொல்வது அதனால்தான். அறுகு மூடும் வரை ஆடு மாடு இறங்காமல் அடையுங்கள்.

பராமரிப்பு

இரண்டு அங்குலம் தாண்டினால் வெட்டுங்கள். உயர்ந்த புல்லில் பாம்பு படுப்பது கண்ணில் படாது. சக்கர நாற்காலியோ செயற்கைக் காலோ பயன்படுத்துபவர் இருக்கும் வீட்டில், படலையிலிருந்து வாசல்வரை நாலு அடி அகலத்தில் இறுக்கிய கிரவல் பாதையோ சீமெந்துப் பாதையோ விட்டு, அதன் இருபக்கமும் புல் நடுங்கள். புல்மேட்டில் செயற்கைக் கால் தடக்கும். குறுமணலில் சக்கரம் புதையும்.

ஆடி, ஆவணியில் அறுகு பழுப்பாகும். அது செத்ததாக நினைத்துக் குடிதண்ணீரை ஊற்ற வேண்டாம். மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குத் தானாகத் தளிர்க்கும்.