காருக்கு அடியில் கொஞ்சம் சரித்திரம்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2010 டிசம்பர், டில்லிக் குளிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மயூர் விஹாரிலிருந்து ஆர்.கே.புரம் மலை மந்திருக்குக் கிளம்பினோம், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு. வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1997 மாடல் மாருதி 800. பாதி வழியில் பின் சீட்டிலிருந்த மூணு வயசு மகள் "தலை வலிக்குதுப்பா" என்றாள். அப்புறம் தூங்கிவிட்டாள். காலை எட்டு மணிக்குத் தூங்குகிற குழந்தை இல்லை அவள். தங்கமணிக்கும் தலைவலி. ஒரு வாரமாகவே வண்டி டிராக்டர் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இது ரெண்டையும் கூட்டிப் பார்க்க, பி.காம் படித்தவனுக்கே பத்து நிமிஷம் ஆயிற்று.

ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கினேன். காற்று பட்டதும் மகள் தெளிந்தாள். அவர்களை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, நாலு கண்ணாடியையும் இறக்கி, நடுங்கிக்கொண்டே நான் மட்டும் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதே என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

கீழ் வீட்டு சர்தார்ஜி அங்கிள் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். "மெக்கானிக் எதுக்கு பேட்டா, நாமே கழட்டலாம்" என்றார் இந்தியில். முதல் நாள் ராத்திரியே துருப்பிடித்த போல்ட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் அடித்து ஊறவைக்கச் சொன்னார். மறுநாள் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து, பின்பக்கம் ஜாக்கியில் தூக்கினார். தூக்கியதும் அடியில் இரண்டு இரும்பு ஸ்டாண்டு வைத்தார். முன்பக்க வேலை வந்தபோது செங்கல் பின்னுக்கு, ஸ்டாண்டு முன்னுக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதில் அவர் கறார்.

பின்னாலிருந்துதான் ஆரம்பித்தோம். சைலன்சர் டப்பா ரப்பர் வளையங்களில் தொங்குகிறது. சோப்புத் தண்ணி தடவி நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும். அடுத்து வெப்பத் தகடு. அதன் போல்ட்டுகள் இரண்டு தலை உடைந்தே வந்தன. பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் ஓடுவதால் அங்கே சுத்தியலுக்குத் தடை. படுத்துக்கொண்டு ஸ்பானர் பிடித்தால் துருவெல்லாம் கண்ணில் விழும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் போனதற்கு எனக்கு நல்ல டோஸ் விழுந்தது.

முன் குழாய் வரை கழற்றியதும் அங்கிள் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கன்வர்ட்டர் எங்கே?"

இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழாய் ஒன்று வெல்டிங் அடிக்கப்பட்டிருந்தது. வெல்டிங் விட்டுப்போய் விரல் நுழையும் விரிசல். அதற்கு நேர் மேலே தரைத் தகட்டில் துரு அரித்த ஓட்டை. புகை அந்த வழியாகத்தான் என் மகளிடம் வந்திருக்கிறது.

நிற்க. அது 1997 டில்லி வண்டி, ஆகவே கன்வர்ட்டர் இருந்தே ஆகவேண்டும் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் சரித்திரம் வருகிறது.

1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், எஞ்சின் தட்டாமல் ஓட பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார். 1924-லேயே நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளிகள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். இருந்தும் உலகம் பல பத்தாண்டுகள் ஈயப் பெட்ரோலில்தான் ஓடியது. அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு ஊரைச் சுற்றிய எங்கள் தலைமுறை சுவாசித்ததும் அந்தப் புகையைத்தான்.

இன்னொரு பக்கம், யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவில் உட்கார்ந்து புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரை உருவாக்கினார். தேன்கூடு மாதிரி பீங்கான், அதன் மேல் பிளாட்டினம் வகை உலோகப் பூச்சு என்பது பின்னாளில் வந்து நிலைத்த வடிவம். கார்பன் மோனாக்சைடு உள்ளே போய் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வரும். ஆனால் ஈயம் அந்தப் பூச்சின் மேல் படிந்தால் ஆள் காலி. ஈயம் போனால்தான் கன்வர்ட்டர் வரமுடியும். அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் அது வந்தது.

நம்மூரில் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா டில்லிப் புகைக்காக 1985-ல் உச்ச நீதிமன்றம் போனார். பத்து வருஷம் கழித்து, 1995 ஏப்ரல் முதல், டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயம் ஆனது, கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிய 2000 பிப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட வருஷங்களில் டில்லி வண்டியை ஊர்ப்பக்கம் ஓட்டிப்போய் ஈயப் பெட்ரோல் போட்டவர்கள், கன்வர்ட்டரைத் தங்கள் கையாலேயே கொன்றார்கள். உலகத்தில் கடைசியாக ஈயப் பெட்ரோலை நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

அன்று ராத்திரி பழைய பில்களைக் குடைந்தேன். எட்டு மாசம் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் "சைலன்சர் லைன் ரிப்பேர்" என்று பணம் வாங்கியிருக்கிறார்கள். கழற்றிய பொருளைப் பற்றி ஒரு வரி இல்லை. உள்ளே பிளாட்டினம் வகை உலோகம் இருக்கிற சாமான், பழைய இரும்புக் கடையில்கூட நல்ல விலை போகும். அதை வரவே வைக்காமல் செலவு மட்டும் எழுதிய பில்லில் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டது நானேதான். ஆபீஸில் அடுத்தவன் வவுச்சரில் பத்து ரூபாய்க்குக் கேள்வி கேட்கிற ஆள்! போய்க் கேட்டேன். "அடைச்சுப் போச்சு சார், மைலேஜ் வரட்டுமேன்னு எடுத்தோம்" என்றார்கள். பழையது எங்கே என்றதற்குப் பதில் இல்லை.

காஷ்மீரி கேட் மார்க்கெட்டில் அரை நாள் அலைந்து புது செட் வாங்கினோம். அங்கிள் ஒவ்வொரு கன்வர்ட்டரையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தேன்கூடு தெரிகிறதா என்று பார்த்தே எடுத்தார். மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாக விட்டு, குழாய் எங்கும் உரசவில்லை என்று பார்த்தபிறகு முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டே வந்தோம். ஜாயிண்டுக்கு எல்லாம் புது கேஸ்கட். எஞ்சினைப் போட்டு, சூடேறுமுன் ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணி தெளித்தோம், குமிழ் வரவில்லை. தரை ஓட்டைக்குத் தகடு அடித்தது மட்டும் வெளி ஆள், என் கண் முன்னாலேயே.

அடுத்த ஞாயிறு மலை மந்திர். போகும்போதும் வரும்போதும் பின் சீட்டில் மகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். தங்கமணி மட்டும் கண்ணாடியைக் கடைசிவரை ஏற்ற விடவில்லை.