சீசரின் சடலமும் ஆண்டனியின் பேச்சும்

ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களின் தலைவர் புரூட்டஸ் இரண்டு தவறுகள் செய்தார் என்பது கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் கணக்கு. சீசரோடு அவருடைய தளபதி மார்க் ஆண்டனியையும் தீர்த்துக்கட்டாமல் விட்டது முதல் தவறு. சீசரின் உயிலை ஊரறியப் படிக்கவும், சடலத்தைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்து இறுதிச் சடங்கு நடத்தவும் இடம் கொடுத்தது இரண்டாவது தவறு. கூடாது என்று கூட்டுச் சதிகாரர் காசியஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புரூட்டஸ் காதில் ஏறவில்லை.

இரண்டாவது தவறின் விலை என்ன என்பது ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைப் பாடமாகப் படித்த எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் அங்கத்தில் ஆண்டனி பேசி முடிக்கும்போது ரோம் தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பேச்சின் சாமர்த்தியத்தை வியக்கிறவர்கள் அதற்குப் பின்னால் இருந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு அரசியல் பேசுவது ரோமில் ஆண்டனி தொடங்கிய வேலையல்ல. அவர் காலத்துக்குள் அதற்குச் சில நூற்றாண்டுப் பழக்கம் இருந்தது.

ரோமில் பெரிய குடும்பத்து மனிதர் இறந்தால் சடலம் நேரே சிதைக்குப் போகாது. முதலில் ஊர் நடுவிலிருந்த ஃபோரம் என்ற பொதுத்திடலுக்கு வரும். தலைவர்கள் மக்களிடம் பேசும் ரோஸ்ட்ரா மேடை அங்கே இருந்தது. கி.மு. 338-இல் ஆன்டியம் நகரத்தாரிடமிருந்து பிடித்த போர்க்கப்பல்களின் கூர்முனைகளை வெட்டியெடுத்து அதன் முகப்பில் பதித்திருந்தார்கள். இறந்தவரின் மகன் அதில் ஏறி, தந்தையின் குணங்களையும் சாதனைகளையும் எடுத்துச் சொல்வார். மகன் இல்லையென்றால் நெருங்கிய உறவினர் பேசுவார்.

பேச்சைவிடப் பார்வையாளர்களை உலுக்கியது அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் பிணைக்கைதியாக ரோமுக்கு வந்து, அங்கேயே பல ஆண்டுகள் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் அதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் பதவி வகித்த முன்னோர்களின் முகங்கள் முகமூடிகளாக வீட்டில், மரப்பேழைகளில் பாதுகாக்கப்படும். சாவு விழுந்தால் அவை வெளியே வரும். உயரத்திலும் உடல்வாகிலும் ஒத்த ஆட்கள் அவற்றை அணிந்துகொள்வார்கள். கான்சல் என்ற உயர் பதவியில் இருந்தவருக்கு ஊதாக்கரை அங்கி, வெற்றி ஊர்வலம் கண்ட தளபதிக்குப் பொன்வேலை அங்கி. தேரில் வந்து இறங்கி, மேடையில் வரிசையாகத் தந்த நாற்காலிகளில் உட்காருவார்கள். ஒரே குடும்பத்தின் பல தலைமுறைகள் உயிரோடு எழுந்து வந்து உட்கார்ந்திருக்க, இப்போது இறந்தவரைப் பற்றி மகன் பேசுவான். சொந்த வீட்டுத் துக்கம் ஊர்த் துக்கமாகிவிடும் என்கிறார் பாலிபியஸ்.

இந்தப் பேச்சுகளில் மிகச் சில மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. கி.மு. 221-இல் லூசியஸ் மெட்டெல்லஸ் இறந்தபோது அவர் மகன் பேசியதன் சாரத்தை ரோம எழுத்தாளர் பிளினி குறித்துவைத்தார். முதல்தரப் போர்வீரனாக, சிறந்த பேச்சாளராக, வீரம் மிக்க தளபதியாக இருப்பது, நேர்வழியில் பெரும் பொருள் சேர்ப்பது, நிறையப் பிள்ளைகளைப் பெறுவது என்று பத்து ஆசைகளை அடுக்கி, பத்தும் தன் தந்தைக்கு நிறைவேறியதாக மகன் சொன்னான்.

பத்தில் எத்தனை உண்மை என்று இறுதிச் சடங்கில் யார் கேட்பார்கள்? அந்தச் சங்கடம் ரோமர்களுக்கே தெரிந்திருந்தது. நடக்காத வெற்றி ஊர்வலங்களையும் வகிக்காத பதவிகளையும் இந்தப் புகழுரைகள் வரலாற்றுக்குள் நுழைத்துவிட்டன என்று பேச்சாளர் சிசரோ குறைபட்டுக்கொண்டார். பிறகு வந்த வரலாற்றாசிரியர் லிவியும் அதையே சொன்னார்.

வழக்கத்தை அரசியலுக்குத் திருப்புவதில் சீசரே கைதேர்ந்தவர். கி.மு. 69-இல் அவருடைய அத்தை ஜூலியா இறந்தார். ஜூலியாவின் கணவர் மாரியஸ், சர்வாதிகாரி சுல்லாவின் பரம எதிரி. சுல்லா ஆட்சிக்கு வந்தபின் மாரியஸின் உருவத்தை வெளியே காட்டும் துணிவு யாருக்கும் இல்லை. அத்தையின் சவ ஊர்வலத்தில் சீசர் அதைத் துணிந்து கொண்டுவந்தார். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். மேடையில் பேசும்போது, அத்தையின் தாய்வழி அரசர்களிடமும் தந்தைவழி வீனஸ் தேவியிடமும் போய்ச் சேர்கிறது என்றார். அதாவது, தன் குலமும் தெய்வ வழி வந்தது என்று அத்தையின் பெயரால் அறிவித்துக்கொண்டார். இளவயதில் இறந்த பெண்ணுக்கு அந்த மேடையில் பேசும் வழக்கம் அதுவரை இல்லை. சில காலத்தில் தன் மனைவி கொர்னேலியா இறந்தபோது சீசர் அதையும் செய்தார்.

கி.மு. 52-இல் இந்த வழக்கம் கலவரமாகவே வெடித்தது. ஏழை மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த குளோடியஸ், ஆப்பியன் சாலையில் எதிரணித் தலைவர் மைலோவின் ஆட்களால் கொல்லப்பட்டார். சடலம் வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி ஃபுல்வியா கூட்டத்துக்குக் காயங்களைக் காட்டிக் காட்டி அழுதார். மறுநாள் சடலத்தை ஃபோரத்துக்குத் தூக்கிப்போன கூட்டம், செனட் கட்டடத்துக்குள் நுழைந்து பெஞ்சுகளை உடைத்துச் சிதை அடுக்கியது. சடலத்தோடு செனட்டும் எரிந்தது. கி.மு. 44-இல் ஃபுல்வியா யாருடைய மனைவி தெரியுமா? மார்க் ஆண்டனியின் மனைவி.

அந்த ஆண்டு மார்ச் 15 அன்று சீசர் விழுந்த இடம், தளபதி பாம்பே கட்டிய அரங்கத்தோடு சேர்ந்த ஒரு மண்டபம். சதியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். உடலில் 23 காயங்கள். துரோகம் என்றால் உலகம் மார்க்கஸ் புரூட்டஸின் பெயரைச் சொல்கிறது. ஆனால் சீசருக்கு அவரைவிட நெருக்கமானவர் டெசிமஸ் புரூட்டஸ். காலியாவில் சீசரின் கீழ் போரிட்டவர். உயிலில் இரண்டாம் நிலை வாரிசாக எழுதப்பட்டவர். மனைவியின் கெட்ட கனவால் சீசர் அன்று வீட்டிலேயே தங்கிவிட நினைத்தபோது, நேரில் போய்ப் பேசிக் கிளப்பிக் கூட்டிவந்தவரும் அவர்தான்.

மார்ச் 17 அன்று செனட் கூடி ஒரு சமரசம் செய்தது. கொலையாளிகளுக்குப் பொதுமன்னிப்பு, சீசரின் உத்தரவுகள் எல்லாம் செல்லும். இறுதிச் சடங்குக்கும் அனுமதி கிடைத்தது. பொதுச் சடங்கு நடந்தால் நம் கட்சி ஒழிந்தது என்று சிசரோவின் நண்பர் அட்டிகஸ் அப்போதே கத்தினார். குளோடியஸின் சிதையைப் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பயம் இயல்பானது.

அன்றைய சடங்கில் ஆண்டனி என்ன பேசினார்? இங்கேதான் பழைய ஆசிரியர்கள் முரண்படுகிறார்கள். சீசரைப் பாதுகாப்போம் என்று செனட்டர்கள் செய்த சத்தியத்தை அறிவிப்பாளரைக் கொண்டு வாசிக்கச் செய்து, அதோடு மிகச் சில வார்த்தைகளே ஆண்டனி சேர்த்தார் என்கிறார் சூட்டோனியஸ். அப்பியன் காட்டும் ஆண்டனியோ முழு நாடகமே நடத்துகிறார்: கிழிந்து இரத்தம் தோய்ந்த ஆடையை ஈட்டி முனையில் தூக்கி ஆட்டுகிறார், 23 காயங்களோடு செய்த மெழுகு உருவம் ஒரு பொறியின் உதவியால் நாலாபக்கமும் சுழல்கிறது. பகுவியஸ் எழுதிய சோக நாடகத்திலிருந்து, தான் காப்பாற்றியவர்களாலேயே அழிந்த வீரனின் புலம்பல் பாடப்பட்டதாக சூட்டோனியஸும் சொல்கிறார். சீசரின் மன்னிப்பால் உயிர் பிழைத்தவர்தான் புரூட்டஸ் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஆளுக்கு 300 செஸ்டர்ஸ் பணமும், டைபர் நதிக்கு அக்கரையிலிருந்த தோட்டங்களும் மக்களுக்கு என்று சீசரின் உயில் சொன்னது. கூட்டம் அங்கேயே சிதை மூட்டியது. பழைய படைவீரர்கள் ஆயுதங்களையும், பெண்கள் நகைகளையும் நெருப்பில் எறிந்தார்கள். தீப்பந்தங்கள் புரூட்டஸ், காசியஸ் வீடுகளை நோக்கிப் போயின. கொலையை ஆதரித்துப் பேசிய கொர்னேலியஸ் சின்னா என்று தவறாக நினைத்து, சீசரின் நண்பரான ஹெல்வியஸ் சின்னாவைக் கொன்றார்கள்.

வரலாற்றுப் புரூட்டஸ் அந்தச் சடங்கில் பேசவில்லை. கொலை நடந்தபின் கேப்பிடல் குன்றில் பேசியிருந்தார். அதை எழுதித் திருத்தக் கேட்டு சிசரோவுக்கு அனுப்பினார். நடை மிக நேர்த்தி, ஆனால் நானாக இருந்தால் இன்னும் அனலாக எழுதியிருப்பேன் என்று அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில் சிசரோ சொல்கிறார்.

1579-இல் தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் கொண்டுவந்த புளூட்டார்க்தான் ஷேக்ஸ்பியரின் முதன்மை மூலம். பல நாள் சம்பவங்களைச் சுருக்கி, இருவரையும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பேசவைத்தது அவர் கைவேலை. 1599 செப்டம்பர் 21 அன்று லண்டனில் அந்த நாடகத்தைப் பார்த்ததாக சுவிட்சர்லாந்துப் பயணி தாமஸ் பிளாட்டர் குறித்திருக்கிறார். அறுபத்தாறு வயது அரசி முதலாம் எலிசபெத்துக்கு அறிவிக்கப்பட்ட வாரிசு இல்லாத நேரம் அது.

நாடகத்தில் புரூட்டஸ் உரைநடையில் காரணகாரியம் சொல்லிவிட்டு, எதிராளியிடம் கூட்டத்தை ஒப்படைத்துப் போய்விடுகிறார். ஆண்டனி கவிதையில் தொடங்குகிறார். கொலையாளிகளைக் குறை சொல்வதில்லை என்ற நிபந்தனையை ஏற்று, அவர்களைக் கண்ணியவான்கள் என்று புகழ்ந்துகொண்டே போகிறார். நாலைந்து முறை கேட்டதும் புகழே வசையாகிவிடுகிறது. உயிலைக் காட்டுகிறார், படிக்க மறுக்கிறார், கூட்டமே கெஞ்சும்படி செய்கிறார். பிறகு இறங்கிவந்து, சடலத்தைச் சுற்றி வட்டமாக நிற்கச் சொல்லி, ஆடையின் ஒவ்வொரு கிழிசலையும் காட்டி இது இன்னார் குத்தியது என்கிறார். ஆனால் கொலை நடந்தபோது ஆண்டனி அங்கே இல்லை; சதிகாரர் டிரெபோனியஸ் அவரை வெளியே அழைத்துப் போயிருந்தார்! நெர்வியர் என்ற இனத்தாரை வென்ற நாள் மாலையில் சீசர் முதன்முதலாக உடுத்திய ஆடை இது என்றும் நினைவுகூர்கிறார். அந்தப் போர் நடந்த கி.மு. 57-இல் வரலாற்று ஆண்டனி சீசரின் படையிலேயே இல்லை. சிசரோ குறைபட்ட இறுதிச் சடங்குப் பொய்கள் இங்கே கலையாகிவிட்டன.

ஷேக்ஸ்பியர் ஆண்டனியை அதோடு விடவில்லை. நான்காம் அங்கத்தின் முதல் காட்சியிலேயே அவர் சீசரின் உயிலை எடுத்துவரச் சொல்கிறார். மக்களுக்குச் சேர வேண்டியதில் எதை வெட்டலாம் என்று பார்ப்பதற்காக. மக்களைக் கலவரத்துக்குத் தூண்டிய காகிதம், காரியம் முடிந்ததும் செலவுக் கணக்காகிவிட்டது. வரலாற்றிலும் அந்தப் பணத்தை மக்களுக்குக் கொடுத்தது ஆண்டனி அல்ல. சீசரின் தத்துப்பிள்ளை ஆக்டேவியன்.

புரூட்டஸும் காசியஸும் கி.மு. 42-இல் பிலிப்பி போரில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 7 அன்று சிசரோ கொல்லப்பட்டார். ஆண்டனியைத் தாக்கிப் பேசிய தலையும், எழுதிய கையும் ரோஸ்ட்ராவில் மாட்டப்பட்டன. சீசரின் சிதை எரிந்த இடத்தில் ஆக்டேவியன் கோயில் கட்டினார். கி.பி. 14-இல் அவரே அகஸ்டஸ் பேரரசராக இறந்தபோது, அந்தக் கோயிலின் முன்னிருந்து அடுத்த பேரரசர் டைபீரியஸ் புகழுரை வழங்கினார்.

பேரரசர்கள் காலத்தில் மேடை இருந்தது, எதிர்த்துப் பேச ஆள் இல்லை. கி.பி. 54-இல் கிளாடியஸ் இறந்ததும் இளம் நீரோ புகழுரை வாசித்தார், எழுதிக்கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் செனெகா. இரவல் பேச்சு தேவைப்பட்ட முதல் ஆட்சியாளர் இவர்தான் என்று முதியவர்கள் முணுமுணுத்தார்கள். முன்னோர் பெருமையைச் சொல்லும்வரை கூட்டம் அமைதியாகக் கேட்டது. கிளாடியஸின் தொலைநோக்கையும் அறிவையும் புகழும் இடம் வந்ததும் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.