இத்தாலியக் கித்தார் குழு இசை

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கித்தார்களுக்கும், கித்தார் இடம்பெறும் சிறு தந்திக்கருவிக் குழுக்களுக்கும் இத்தாலிய இசையமைப்பாளர்கள் எழுதிய செவ்வியல் இசை இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்டினாண்டோ காருல்லியும் மௌரோ ஜூலியானியும் இரட்டைக் கித்தாருக்கு நிறைய எழுதினார்கள். அன்றைய இத்தாலியில் ஓபராவுக்குத்தான் மவுசு. காருல்லி பாரிஸுக்கும் ஜூலியானி வியன்னாவுக்கும் போய்த்தான் பெயரெடுத்தார்கள். அக்கால இரட்டையர் இசையில் பெரும்பாலும் ஒரு கித்தார் பாட, மற்றது பக்கம் வாசிக்கும். பிறகு இடம் மாறிக்கொள்ளும். 20ஆம் நூற்றாண்டில் கித்தார்கள் சேர்ந்ததன் நோக்கமே வேறானது. ஒலியைப் பெருக்குவது இரண்டாம்பட்சம். தனிக் கித்தாரால் தாங்க முடியாத சுமையைப் பங்கிட்டுக்கொள்வதே முதன்மை. 1962இல் எழுதப்பட்ட ஒரு படைப்பு இதற்குச் சான்று.

அது, மரியோ காஸ்தெல்நுவோ-தெதெஸ்கோ (1895–1968) எழுதிய ‘லே கிதார் பியான் தாம்பேரே’. ஃப்ளாரன்ஸில் பிறந்த யூதரான அவர், பாசிச அரசின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்களுக்குப் பின் 1939இல் அமெரிக்காவில் குடியேறினார். ஈடா பிரெஸ்தி, அலெக்சாந்தர் லாகோயா என்ற இணைக்காக எழுதப்பட்ட இப்படைப்பில், 12 மேஜர், 12 மைனர் ஸ்கேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிலூடும் ஒரு ஃபியூகும் உண்டு. ஃபியூகில் ஒரு குரல் தொடங்கிய கருவைப் பிற குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று, எல்லாம் ஒரே வேளையில் தத்தம் வழியில் நடக்கும். தனிக் கித்தாரில் இடக்கை விரல் ஒன்று தடித்த தந்தியில் ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது என்று கொள்வோம். மேல்குரல் கழுத்தில் ஏழெட்டு ஃபிரெட் தள்ளி ஏறினால் கை அந்த அகலத்துக்கு விரியாது. விரலை எடுத்தாக வேண்டும், எடுத்ததுமே ஸ்வரம் அறுந்துபோகும். விரல் வைக்காமலே ஒலிக்கும் தந்திகள் உதவாத ஸ்கேல்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். இரண்டு கித்தார்கள் இருந்தால் ஒன்று பிடித்து நிற்கும், மற்றது ஏறும். இருபத்துநான்கு ஸ்கேல்களும் இவ்வாறுதான் கைவசமாயின.

பியானோவில் ஒருவரே இதை வாசித்துவிடலாமே, ஒரே ஒலிநிறமுள்ள இரு கித்தார்கள் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் கித்தாரில் ஒவ்வொரு ஸ்வரமும் நகம் பட்ட கணத்தில் கூர்மையாகத் தொடங்கி விரைவில் தேய்கிறது. அந்தக் கூர்மையால் புதிய குரலின் வருகை தெளிவாகக் கேட்கிறது. அந்தத் தேய்வால் அடுத்த குரலுக்கு இடம் கிடைக்கிறது. குறை என்று சொல்லப்படுவதே இங்கே பின்னலைத் தெளிவாக்குகிறது. ஒலிநிறம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. கொஃப்ரெதோ பெத்ராஸி (1904–2003) அதே 1962இல் எழுதிய இரண்டாம் ‘செரெனாத்தா-திரியோ’ யாழ்வகை ஹார்ப், கித்தார், மாண்டலின் ஆகிய மூன்றுக்குமானது. மூன்றிலும் தந்தியைச் சுண்டித்தான் ஒலி பிறக்கிறது. ஆனால் ஹார்ப்பில் விரல்நுனி, கித்தாரில் நகம், மாண்டலினில் இரட்டைக் கம்பிகளின் மேல் சிறு தகடு. ஒரே குடும்பத்துக்குள் எத்தனை வேறுபாடு உண்டு என்பதைக் காட்ட இதைவிட நேரான வழி இல்லை.

ஃபியூக் பழைய வடிவம், இதைத் தற்கால இசை என்பதெப்படி என்பது அடுத்த மறுப்பு. வடிவம் பழையதுதான், ஆனால் எந்தக் குரலும் மற்றதற்கு ஏவல் செய்யாத அந்தச் சமநிலை, நவீனர்களிடமும் தொடர்கிறது. புரூனோ மதேர்னா, ஓர் ஐரோப்பியச் செயற்கைக்கோள் ஏவப்பட்டதையொட்டி 1969இல் எழுதிய ‘செரெனாத்தா பெர் உன் சதேல்லித்தே’ ஒரே தாளில் அடங்குவது. கித்தார், மாண்டலின், ஹார்ப் உள்ளிட்ட கருவிகள் எல்லாமோ சிலவோ சேரலாம். இசைத்துணுக்குகளின் வரிசையை வாசிப்பவர்களே முடிவுசெய்கிறார்கள். காஸ்தெல்நுவோ-தெதெஸ்கோவின் கட்டுக்கோப்புக்கும் மதேர்னாவின் திறந்த தாளுக்கும் இடையே தூரம் பெரிது. என்றாலும் இரண்டிலும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் ஒரு வரிகூட நகராது. காருல்லி காலத்துப் பாடகர்–துணைவர் பிரிவினை அங்கே முடிவுக்கு வருகிறது. அதனால்தான் இந்த இசையைத் தனிக் கித்தார் வரலாற்றின் பின்னிணைப்பாகக் கருதாமல் தனி மரபாகக் கொள்ள வேண்டும்.