பந்தய வண்டி சாலைக்கு வந்த கதை

பந்தயக் குதிரையை ஜட்காவில் பூட்டலாமா என்று வேடிக்கையாகக் கேட்பதுண்டு. ஏறக்குறைய அத்தகைய காரியத்தையே இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலுள்ள ஜாகுவார் தொழிற்சாலை 1957-ஆம் ஆண்டில் செய்தது. அவ்வரலாற்றை இன்று நேயர்களுக்குக் கூற விழைகிறேன்.

பிரான்ஸ் நாட்டு லெ மான் நகரில் 24 மணி நேரம் ஓயாது நடைபெறும் மோட்டார்ப் பந்தயம் புகழ்பெற்றது. அங்கு வேகம் மட்டும் போதாது. மறுநாள் வரை வண்டி தாங்கவும் வேண்டும். அதற்கென்றே பிறந்தது ஜாகுவாரின் ‘டி டைப்’ வண்டி. விமானத் தொழிலில் பயின்ற மால்கம் சேயர் அதன் உடலை வகுத்தார். 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெற்றி அதற்கே. ஆயினும் 1956-இன் இறுதியிலேயே ஜாகுவார் தன் சொந்தப் பந்தய அணியை விலக்கிக்கொண்டது. மூன்றாம் வெற்றி தனியார் அணி ஒன்று ஈட்டியது. விலைபோகாமல் நின்றவற்றுள் 25 வண்டிகளைச் சாலைக்கேற்ப மாற்றி விற்பதென முடிவாயிற்று. மாறிய வண்டிக்கு எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்று பெயர்.

மாற்றங்கள் என்னென்ன? ஓட்டுபவர் தலைக்குப் பின்னிருந்த மேட்டையும் அதன்மேல் எழுந்த துடுப்பையும் அகற்றினர். இரு இருக்கைகளுக்கும் நடுவிலிருந்த தடுப்பை எடுத்துவிட்டு, உடன் வருபவருக்கும் ஒரு கதவு அமைத்தனர். முழு அகலத்திற்கும் முன்கண்ணாடி, மடக்கத்தக்க கித்தான் கூரை, மெல்லிய பம்பர்கள் ஆகியவை சேர்ந்தன. பெட்டி வைக்க உள்ளே இடமேது? வாலுக்குள் பெட்ரோல் பைகளும் மாற்றுச் சக்கரமும் அடைந்து கிடந்தன. ஆகவே வால்மேல் வெளியே ஒரு சட்டம் பொருத்தினார்கள். அதில் மூட்டை கட்டிப் புறப்படும் தம்பதியரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சேர்த்தவற்றைவிட, விட்டுவைத்தவையே எனக்கு வியப்பு. 3.4 லிட்டர் எஞ்சின், 250 குதிரைத்திறன், டிஸ்க் பிரேக்குகள் யாவும் பந்தயத்திற்குரியவையே. உடைதான் மாறிற்று, உள்ளம் மாறவில்லை.

1957 பிப்ரவரி 12-ஆம் நாள் இரவு தொழிற்சாலையில் தீ மூண்டது. 25-இல் ஒன்பது வண்டிகள் எரிந்தொழிந்தன. எஞ்சிய 16-இல் பெரும்பாலானவை அமெரிக்கா சென்றன. திரைப்பட நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஒன்றை வாங்கினார், விற்றார், மனம் பொறாமல் அதையே மீண்டும் வாங்கினார்.

எரிந்த ஒன்பதுக்கு ஈடாக ஒன்பது வண்டிகளைப் புதிதாகக் கையாற் செய்யப்போவதாக 2016-இல் ஜாகுவார் அறிவித்தது. அன்று நெருப்புக்குத் தப்பியவற்றுள் சிலவற்றை அளந்து பார்த்தே புதியவற்றுக்கு அளவெடுத்தார்கள்.